சுழற்சித் தலைமை நம் நாட்டுக்கு வந்தால் செலவு யார் தலையில்? மலையகத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரின் கணக்குக் கிளையில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வவுச்சர், விலைமனு, குறைநிரப்பு மதிப்பீடு என்றே காலம் போனது. "இலங்கை இந்த அமைப்பின் தலைமையை ஏற்கிறது" என்று செய்தியில் வந்தால் போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்துத் தலைவர்மாரும் "அண்ணே, இதுக்கு யார் காசு?" என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுழற்சித் தலைமை என்றால் என்ன?

நாடுகள் சேர்ந்து வைத்திருக்கிற பல அமைப்புகளுக்கு நிரந்தரத் தலைவர் என்று ஒருவர் கிடையாது. முறை வைத்து ஒவ்வொரு நாடாகப் பொறுப்பெடுக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவை இந்த வருடம் மேல்கணக்கு எடுத்தால் அடுத்த வருடம் கீழ்கணக்கு எடுக்கிற மாதிரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சபையில் ஆறு மாதத்துக்கு ஒரு நாடு, பெரிய பொருளாதார நாடுகளின் ஜி20 அமைப்பில் வருடத்துக்கு ஒரு நாடு, இன்னும் சிலவற்றில் இரண்டு மூன்று வருடம்.

இலங்கை எதற்கெல்லாம் தலைமை தாங்கியிருக்கிறது?

1976 ஓகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு நடந்தது. 1979-இல் கியூபாவிடம் கையளிக்கும் வரை தலைமை நம்மிடம் இருந்தது. தெற்காசிய நாடுகளின் சார்க் உச்சி மாநாடு 1991, 1998, 2008 என்று மூன்று தடவை கொழும்புக்கு வந்தது. 2013 நவம்பரில் பொதுநலவாய அரச தலைவர்கள் மாநாடு, அதோடு இரண்டு வருடத் தலைமை. 2018 முதல் 2022 மார்ச் வரை, வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் பிம்ஸ்டெக். 2023 ஒக்டோபரிலிருந்து 2025 வரை இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கம். சின்ன நாட்டுக்கு இது குறைந்த கணக்கில்லை.

ஒரு கூட்டம் வைக்கிறதுக்கு அவ்வளவு செலவா?

ஒரு கூட்டம் மட்டும் என்றால் பரவாயில்லை. உச்சி மாநாடு என்பது கடைசி நாளில் எடுக்கிற போட்டோ. அதற்கு முன் அதிகாரிகள் கூட்டம், நிபுணர் கூட்டம், அமைச்சர் கூட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2023-இல் இந்தியா ஜி20 தலைமையை எடுத்தபோது ஏறக்குறைய 60 நகரங்களில் 200-க்கு மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. அதற்காக வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை 990 கோடி இந்திய ரூபாய்.

செலவு எங்கே போகிறது என்று கேட்டால், முதல் இடம் அநேகமாகப் பாதுகாப்புக்கும் தங்குமிடத்துக்கும். அப்புறம் வாகனம், மொழிபெயர்ப்பாளர்கள், ஊடக மையம், கணினி வலையமைப்பு, தற்காலிகச் செயலகம். இவை கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாதது ஒன்று இருக்கிறது. மற்ற அமைச்சுகளிலிருந்து இழுத்து எடுக்கிற உத்தியோகத்தர்களின் சம்பளமும் ஓவர்டைமும் அவரவர் திணைக்களத்தின் கணக்குத் தலைப்பிலேயே விழும். கொழும்புக் கடமைக்காக இங்கே பொலிஸ் நிலையங்களிலிருந்து ஆட்களை எடுத்தால் அந்தப் படியும் எரிபொருளும் பொலிஸ் செலவாகவே பதிவாகும். ஆகவே "மாநாட்டுச் செலவு" என்று கடைசியில் ஒரு தொகையைச் சொல்லும்போது பாதி அதற்குள்ளேயே இருக்காது. நான் முப்பது வருடமாகச் சொல்லி வருவது இதைத்தான்: தலைமை எடுக்கிற முதல் நாளே அதற்கென்று வரவு செலவுக் கணக்கில் தனி நிகழ்ச்சித்திட்ட இலக்கம் ஒன்று திறந்து, எந்தத் திணைக்களம் செலவழித்தாலும் அதன் கீழ் வருகிற மாதிரிச் செய்ய வேண்டும்.

வருகிற நாடுகள் தங்கள் செலவைத் தாங்களே பார்க்க மாட்டார்களா?

பாதி பார்ப்பார்கள். வழக்கமாக, தூதுக்குழுவின் தலைவருக்கும் கூட வருகிற ஒரு சிலருக்கும் தங்குமிடம், வாகனம், சாப்பாடு ஆகியவற்றை நடத்துகிற நாடு கொடுக்கும். மிச்சப் பேர் தங்கள் அறைக்குத் தாங்களே பணம் கட்டுவார்கள். ஒரு நாட்டுக்கு எத்தனை பேர் என்பதை அழைப்புக் கடிதம் போகும்போதே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் பிறகு முகத்தை முறிக்க முடியாது, எல்லா அறையும் நம் பில்லில் ஏறும். இருபது நாட்டுக்கு ஆளுக்கு இரண்டு பேர் கூடினாலே நாற்பது அறை, நான்கு இரவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் வருமான வரி கட்டுவதில்லையே, எங்களுக்கு இதில் என்ன?

இந்தக் கேள்விதான் எனக்கு மனம் வலிக்கிற கேள்வி. நாட்டின் வரி வருமானத்தில் பெரும் பகுதி பொருட்களின் மேலும் சேவைகளின் மேலும் விழுகிற வரியிலிருந்துதான் வருகிறது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். கொழுந்து பறிக்கிற அக்கா சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் கட்டுகிறார். கொழும்பு மாளிகையில் இருப்பவர் அந்தச் சவர்க்காரத்துக்குக் கட்டுகிற அதே வீதம். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராடிய சனம் நாங்கள், எங்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் தெரியும். அதனால் "எனக்கு என்ன" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். அது உங்கள் காசு.

பணம் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது?

அரசாங்கத்தின் வருமானம் சேர்கிற திரட்டு நிதியத்திலிருந்து. அரசியலமைப்பின் 148-ஆவது உறுப்புரைப்படி பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்திடம். வருடா வருடம் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில் வெளிவிவகார அமைச்சுக்கோ ஜனாதிபதி செயலகத்துக்கோ தொகை குறிப்பார்கள். போதாவிட்டால் நடுவில் குறைநிரப்பு மதிப்பீடு கொண்டுவருவார்கள்.

நான் பார்த்தவரை பணம் நழுவுகிற இடம் இந்தக் குறைநிரப்புத்தான். திகதி நெருங்கிவிட்டால் "நாட்டின் மானம்" என்று ஒரு வார்த்தை வந்துவிடும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்று விலைமனு எடுக்க வேண்டிய இடத்தில் "அவசரம்" என்று ஒன்றோடு முடிப்பார்கள். ஆனால் சுழற்சித் தலைமை அவசரமாக வருகிற காரியமே இல்லை. முறை எப்போது வரும் என்று ஒன்றிரண்டு வருடத்துக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்திருந்தும் கடைசி மாதத்தில் டெண்டர் போடுகிறவர்களிடம் "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று பாராளுமன்றத்தில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

மாநாட்டுக்காகக் கட்டடம் கட்டுவது சரியா?

பிறகு யார் பாவிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1976 மாநாடு நடந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் சீனாவின் அன்பளிப்பு, 1973-இல் திறக்கப்பட்டது. ஐம்பது வருடம் தாண்டியும் புத்தகக் கண்காட்சியிலிருந்து பட்டமளிப்பு வரை அங்கேதான் நடக்கிறது.

இத்தாலியில் இதற்கு நேர்மாறு. 2009 ஜி8 மாநாட்டுக்காக லா மடலேனா என்ற தீவில் பெரிய செலவில் கட்டினார்கள். அந்த வருடம் ஏப்ரலில் லாக்விலா நகரத்தில் பூமியதிர்ச்சி வந்தது, மாநாட்டையே அந்த நகரத்துக்கு மாற்றினார்கள். தீவில் கட்டியது எதற்காகக் கட்டினார்களோ அதற்குப் பயன்படவில்லை.

டில்லியில் பாரத் மண்டபம் ஏறக்குறைய 2,700 கோடி இந்திய ரூபாயில் கட்டப்பட்டது. 990 கோடி ஒதுக்கிய இடத்தில் பல மடங்கு செலவாகிவிட்டது என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள், அது நிரந்தரச் சொத்து, ஜி20-க்கு மட்டும் உரியதல்ல என்று அரசாங்கம் பதில் சொன்னது. கணக்குக் கிளை ஆளாக எனக்கு இரண்டு பக்கமும் விளங்குகிறது. கட்டடம் மாதிரியான மூலதனச் செலவையும் கூட்டம் நடத்துகிற மாதிரியான மீண்டெழும் செலவையும் ஆரம்பத்திலேயே இரண்டு பத்தியாகப் பிரித்து மக்களுக்குக் காட்டியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

பெரிய ஆட்கள் வந்தால்தான் எங்கள் ரோட்டுக்குத் தார் விழுகிறது. அப்படியானால் மாநாடு நல்லதுதானே?

தோட்டத்து ரோட்டில் நடந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். 2017 மே மாதம் ஐக்கிய நாடுகளின் வெசாக் தினம் இலங்கையில் நடந்தபோது அதற்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டில் எங்கள் சனத்தின் முன் பேசினார், டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்து வைத்தார், மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். நல்லது நடக்காது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் வேறொரு வருகையின்போது, வேறொரு ஊரில், நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். பிரமுகர் வருகிறதற்கு முந்தின கிழமை இரவு பகலாகத் தார் போட்டார்கள். மைதானத்து வாசல் வரைக்கும் கறுத்து மினுமினுத்தது. வாசலுக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில், கத்தியால் வெட்டினது போல தார் நின்றது. அதற்கு மேலே பழைய கல்லு ரோடுதான். அடுத்த திங்கட்கிழமை மழையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அந்த விளிம்பில் கால் தடுக்கி விழுந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் சேறாக என் கந்தோர் வாசலில் வந்து நின்றது. அந்த வவுச்சரில் என் கையெழுத்தும் இருக்கிறது. அன்றிலிருந்து "எங்கே முடிகிறது?" என்று கேட்காமல் எந்த ரோட்டு மதிப்பீட்டையும் நான் மேலே அனுப்பியதில்லை.

கனடாவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2010-இல் ஜி8 மாநாடு மஸ்கோகா என்ற ஏரிப் பிரதேசத்தில், நம் நுவரெலியா மாதிரி விடுமுறைக்குப் போகிற இடத்தில் நடந்தது. அந்தப் பகுதியை அழகுபடுத்த 5 கோடி கனடிய டொலர் ஒதுக்கினார்கள். எல்லைக் கடவைகளில் நெரிசலைக் குறைக்கிற நிதி என்ற பெயரில்தான் பாராளுமன்றத்திடம் அதைக் கேட்டிருந்தார்கள். 2011-இல் கணக்காய்வாளர் அலுவலகம், பாராளுமன்றத்துக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. ரோட்டுக்கு என்றால் ரோட்டுக்கு என்றே கேட்க வேண்டும். எங்கள் ரோடு இருபது வருடமாகக் காத்திருக்கிறது. அதற்கு மாநாட்டுச் சாட்டு வேண்டாம்.

இன்னொன்று. தோட்டத்து ரோடுகளுக்குப் பிரதேச சபை செலவழிக்கச் சட்டமே தடையாக இருந்தது. 2018-இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பிரதேச சபை உறுப்பினரிடம் நேராகவே கேட்கலாம், எந்த ஜனாதிபதியும் பிரதமரும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நுவரெலியாவிலோ கண்டியிலோ ஒரு கூட்டம் வைத்தால் எங்களுக்கு வருமானம் வருமே?

வரும், சரியாகச் செய்தால். 2023 ஏப்ரலில் இந்தியா ஜி20 சுற்றுலாக் குழுவின் கூட்டத்தைச் சிலிகுரி, டார்ஜிலிங் பக்கம் வைத்தது. அதுவும் தேயிலை மலைதான், விருந்தினர்கள் அங்கே பொம்மை ரயிலில் போனார்கள். நமக்குப் பதுளை ரயில் பாதை இருக்கிறது.

செலவு எங்கே கூடும் என்று சொல்கிறேன். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ரோட்டால் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். ஹெலிகொப்டர் என்றால் பனிமூட்டம் விடவேண்டும். விடாவிட்டால் என்று வாகனத் தொடரையும் தயாராக வைக்க வேண்டும், ஒரே பயணத்துக்கு இரண்டு செலவு. அதனால் பெரிய மாநாட்டை மலைக்கு இழுக்கவே கூடாது. முப்பது நாற்பது பேர் வருகிற அதிகாரிகள் கூட்டம் ஒன்று, ஏற்கெனவே இருக்கிற ஹோட்டலில், அது போதும். ஏப்ரலில் வைக்கவே வேண்டாம். வசந்த காலத்தில் நுவரெலியாவில் அறை வாடகை எப்படி ஏறும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கண்டியில் பெரஹராக் காலமும் அப்படித்தான். ஜூனில் காற்றும் மழையும் என்று ஹோட்டல்கள் காலியாகக் கிடக்கிற நேரம் வைத்தால் அரசாங்கத்துக்கும் மலிவு, அறை சுத்தம் செய்கிற நம் பிள்ளைகளுக்கும் வேலை.

சாமான் கொடுக்கிற சின்ன ஆட்களுக்குக் காசு ஏன் இவ்வளவு தாமதம்?

ஒதுக்கீடு டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். நவம்பர் நடுவில் மாநாடு வைத்தால், பில் எல்லாம் சேர்ந்து சரிபார்த்து வருவதற்குள் வருடம் முடிந்துவிடும். கட்டாத பில் அடுத்த வருட ஒதுக்கீட்டுக்குப் போகும். கதிரை வாடகைக்குக் கொடுத்த ஒருவர் எட்டு மாதம் எங்கள் கந்தோருக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் அதே நீலக் கொப்பியைக் கொண்டுவருவார், அதில் கதிரை எண்ணிக்கையை மனைவி எழுதியிருப்பார், 250 கொடுத்தது, 243 திரும்பியது என்று. பெரிய ஹோட்டல் எட்டு மாதம் தாங்கும், அவர் எப்படித் தாங்குவார்? ஆகவே திகதி குறிக்கும்போதே வருடத்தின் முதல் பாதியைப் பார்க்க வேண்டும். சின்ன விலைமனுக்காரருக்கு முற்பணம் கொடுக்க வேண்டும், மிச்சம் முப்பது நாளில்.

பரிசுப் பொருள், தண்ணீர்ப் போத்தல் மாதிரிச் சின்னச் செலவுகளைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

தொகை சின்னதுதான். ஆனால் அதைக் குறைக்கிறவர்கள் பெரியதையும் கவனிப்பார்கள் என்பது என் அனுபவம். 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் டென்மார்க், வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்காமல் அந்தப் பணத்தில் 11 வெளிநாட்டு மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத் தலைமையின்போது பின்லாந்தும் பரிசுக் காசை விருந்தினர்களின் விமானப் புகைக்கு ஈடுசெய்யும் திட்டங்களில் போட்டது. பிரான்ஸ் 2008-இல் அதே ஒன்றியத்தின் ஆறு மாதத் தலைமைக்கு 17 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்தது. அதில் பாரிஸ் நகரத்தில் ஜூலை மாதம் நடந்த ஒரே ஒரு உச்சி மாநாட்டுக்கு மட்டும் 1 கோடி 66 இலட்சம் யூரோ. அவர்களுடைய கணக்காய்வு நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. நாங்கள் கொடுப்பதானால் ஒரு பொதி நல்ல தேயிலை கொடுக்கலாம், பொதியில் தோட்டத்தின் பெயரோடு.

கம்பனிகளிடம் ஸ்பொன்சர் வாங்கினால் அரசாங்கச் செலவு குறையாதா?

குறையும். ஆனால் கவனம் வேண்டும். 2019-இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத் தலைமையேற்றபோது கொக்கா கோலா ஸ்பொன்சராக வந்தது, ஐரோப்பிய குறைகேள் அதிகாரி இதற்கு விதிமுறை வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் போனது. சட்டம் எழுதுகிற மேசையில் ஒரு கம்பனியின் பெயர்ப்பலகை நிற்கக்கூடாது. எங்களுக்கு இன்னும் நெருக்கமாகச் சொன்னால், தொழிலாளர் சம்பளம் பற்றி அரசாங்கத்தோடு பேச்சு நடக்கிற வருடத்தில் ஒரு பெருந்தோட்டக் கம்பனி மாநாட்டு விருந்துக்குப் பணம் கொடுத்தால் நீங்கள் ஏற்பீர்களா? நான் ஏற்க மாட்டேன்.

நாடு கஷ்டத்தில் இருக்கும்போது முறையை மறுக்கலாமா?

மறுக்கலாம், வெட்கமில்லை. 2008 சார்க் மாநாடு மாலைதீவில் நடக்க வேண்டியது, அவர்கள் விட்டுக்கொடுத்ததால் கொழும்புக்கு வந்தது. 2015 பொதுநலவாய மாநாட்டைக் கொள்கைக் காரணத்துக்காக மொரீஷியஸ் விட்டது, மால்டா நடத்தியது. யாரும் அந்த நாடுகளை ஒதுக்கிவைக்கவில்லை.

மறுக்காமல் சுருக்கவும் செய்யலாம். 2022 மார்ச் 30-ஆம் திகதி பிம்ஸ்டெக் உச்சி மாநாட்டைக் கொழும்பு காணொளி வழியாக நடத்தியது. எரிவாயுவுக்கும் டீசலுக்கும் வரிசை நின்ற மாதம் அது. இரண்டு கிழமையில், ஏப்ரல் 12-ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த மாநாட்டில் அமைப்பின் சாசனத்திலேயே கையெழுத்தானது. தலைவர்களை எல்லாம் பறக்கவைக்காமலே பெரிய காரியம் முடிந்தது.

1976-ஐ நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கும். உலகத்தின் பாதி நாடுகள் கொழும்பில் கூடியிருந்தன, நாங்கள் பெருமைப்பட்டோம், உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால் தோட்டங்களில் பஞ்சம். எங்கள் ஆட்களில் இலட்சக்கணக்கானோருக்குப் பிரஜாவுரிமை இல்லை, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவின் தங்கை குடும்பம் அப்படிப் போனதுதான். மண்சரிவில் வீடிழந்தவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருக்கிற ஒரு வருடத்தில் முறை வந்தால், காணொளியில் நடத்துங்கள் என்று நான் சத்தமாகவே சொல்வேன்.

செலவு மாநாட்டோடு முடிந்துவிடுமா?

முடியாது. தீபாவளி முற்பணம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை ஒரு நாள், சம்பளத்தில் கழிவது மாதக்கணக்கில். வாங்கின வாகனங்களின் பராமரிப்பு, மென்பொருள் உரிமம், தற்காலிகமாக எடுத்த ஆட்களின் கொடுப்பனவு எல்லாம் பின்னால் வரும். அதனால் வாங்குவதற்குப் பதில் வாடகைக்கு எடுக்கிறது அநேகமாக நல்லது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மாநாடு முடிந்ததும் எந்த வைத்தியசாலைக்கு, எந்த மாவட்டச் செயலகத்துக்கு அது போகும் என்று கொள்வனவுக் கோப்பிலேயே எழுத வேண்டும்.

கணக்கை நாங்களே கேட்க முடியுமா?

முடியும், தமிழிலேயே. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அமைச்சின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பாதுகாப்பு விபரம் கேட்டால் மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே எத்தனை பொலிஸார், எங்கே நின்றார்கள் என்று கேட்காதீர்கள். மொத்தத் தொகை, குறைநிரப்பு மதிப்பீட்டின் தொகை, விலைமனு எத்தனை வந்தது, வாங்கிய பொருள் இப்போது யாரிடம், இன்னும் கட்டாத பில் எவ்வளவு, இந்த ஐந்தையும் கேளுங்கள். கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகளும் மூன்று மொழியிலும் பகிரங்கமாக வருகின்றன.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, காவடிக்காரருக்குக் கொடுத்ததிலிருந்து கற்பூரம் வரைக்கும் மைக்கில் வாசிப்பார்கள். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் சந்தா கழிபட்ட ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஒரு கிழவி எழும்பி "பூவுக்கு ஏன் ரெண்டு தரம்?" என்று கேட்பாள், செயலாளர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் பக்கத்தில் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வாசிகசாலைக்கு வாருங்கள், சனிக்கிழமை பின்னேரம் நான் அங்கேதான் இருப்பேன், சேர்ந்து எழுதுவோம்.